தவிட்டுக்குருவிகள் வாய் திறந்த கதை

தவிட்டுக்குருவிகள் சண்டைக்காரப் பறவைகள் என்றொரு நம்பிக்கை நாட்டில் நெடுங்காலமாக உலவி வருகிறது. வேலியோரத்தில் அவை கூடிக் கிலுகிலுவென்று கத்தத் தொடங்கியதும், கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "பங்காளிச் சண்டை ஆரம்பிச்சாச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார். சொத்துத் தகராறு என்று சொல்பவர்கள் உண்டு. மாமியார் மருமகள் விவகாரம் என்று இன்னும் நுணுகிப் பார்த்தவர்களும் உண்டு. இது சாதாரணப் பிழை அல்ல. ஒரு பறவைக் குலத்தின் நற்பெயரை வேலிக்கு வேலி கெடுத்து வரும் பிழை. திருத்தாமல் விட்டால் வருங்காலச் சந்ததி நம்மை மன்னிக்காது. அவை எப்போதும் ஏழு பேராகவே திரியும் என்பது இதற்குத் தம்பி முறையான இன்னொரு பிழை. ஏழு என்று சொன்னவர்களில் யாரும் எண்ணிப் பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பறவைகளே ஒரு காலத்தில் தங்களை எண்ணிக்கொண்டதில்லை.

அந்தக் காலத்தில், ஊர்வனவும் பறப்பனவும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, பேசாத பறவை என்று பெயரெடுத்திருந்தது தவிட்டுக்குருவிதான். பேசத் தெரியாமல் இல்லை. அந்தி சாய்ந்து கிளையில் அடைந்த பிறகு, தூக்கம் வரும்வரை நாலு வார்த்தை பேசுவார்கள். பகலில், மேய்ச்சலில், ஒரு சொல் கிடையாது. சருகைப் புரட்டும் சத்தம் மட்டும்தான் கேட்கும். ஓரிடத்தை விட்டுக் கிளம்ப வேண்டுமென்றால் யாரும் "போவோமா" என்று கேட்கமாட்டார்கள். ஒருவர் சிறகை விரிக்கும்போதே மற்றவர்களும் விரித்திருப்பார்கள். உதறிய போர்வைபோல மொத்தக் கூட்டமும் ஒரே வீச்சில் எழுந்து, ஒரே வீச்சில் அடுத்த புதரில் இறங்கும். எந்நேரமும் வளவளத்துக்கொண்டிருந்த மைனாக்கள் இதைக் காட்டித் தங்கள் பிள்ளைகளை அதட்டுவார்களாம்.

செம்மணல் மேடாகக் கிடந்த தேரியின் ஓரத்தில், உடைமரமும் பனையும் காரைப் புதரும் மண்டிய காட்டில் அப்படியொரு கூட்டம் வாழ்ந்தது. அதில் மூத்தவர் மூக்கன். "ஒத்துமையா இருக்கவுகளுக்குப் பேச்சு எதுக்கு?" என்பது அவர் அன்றாடம் அந்தியில் சொல்வது. பேச்சு தேவையில்லை என்பதைப் பற்றி அவர் வெகுநேரம் பேசுவார். கூட்டத்தில் பாதிப் பேர் அதற்குள் தூங்கிவிடுவார்கள்.

வடிவு தூங்கமாட்டாள். அவளுக்கு மூக்கன் மாமா சொல்வதெல்லாம் நெஞ்சுக்கு இதமாக இருக்கும். இரண்டு பக்கமும் உடம்போடு உடம்பு ஒட்டி, சிறகுச் சூட்டில் உட்கார்ந்திருக்கும்போது, நாம் சொல்லாமலே நம்மைப் புரிந்துகொள்ளப் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்ற நினைப்பை விட வேறென்ன வேண்டும் என்று தோன்றும்.

காவலுக்கும் அந்தக் கூட்டத்தில் முறை என்று எதுவும் வைத்திருக்கவில்லை. எல்லோரும் கீழே மேய்கையில் ஒருவர் உடைமரத்து உச்சிக்கிளையில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து வேறு யாருக்காவது "நாம் போகலாமே" என்று தோன்றும். அவர் மேலே போய்ப் பக்கத்தில் உட்காருவார். இருந்தவர் இறங்கிவிடுவார். யாருக்கு எப்போது தோன்ற வேண்டும் என்று ஒரு கணக்கும் கிடையாது. ஆனாலும் தோன்றிக்கொண்டுதான் இருந்தது. காவல் மாறாமல் போன நாள் என்று ஒன்று அந்தக் கூட்டத்துக்கு நினைவில் இல்லை.

ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. உச்சியில் இருப்பவர் வாயைத் திறந்தால் வல்லூறு வருகிறது என்று பொருள். அந்தச் சத்தம் கேட்டதும் கீழே இருப்பவர்கள் யோசிக்காமல் முள்ளுக்குள் பாய்ந்துவிடுவார்கள். ஆகையால் வேறெதற்கும் அங்கிருந்து சத்தம் வரக்கூடாது. தாகம், பசி, சிறகுக்குள் பேன், எதுவானாலும் வாய் மூடியிருக்க வேண்டும்.

மண்ணாங்கட்டி இந்தக் கூட்டத்தில் பிறந்தவன் அல்ல. மேற்கே ஒரு பனங்காட்டில் தீப் பிடித்தபோது அவனுடைய கூட்டம் முழுதும் போய்விட்டது. வால் சிறகு கருகி, அரை உயிராக ஓர் அந்தியில் வந்து, வேப்பமரத்தில் இவர்கள் அடையும் கிளைக்குப் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விரட்டிவிடுவார்களோ என்ற பயம்.

"ஏல, பேரு என்னல?" என்று இசக்கி கேட்டாள். அவளுக்கு நாக்கு கொஞ்சம் கூர்மை. மனசு அவ்வளவு கூர்மை இல்லை.

"மண்ணாங்கட்டி."

"பேரைத்தான கேட்டேன், திட்டவா செஞ்சேன்?"

"பேரே அதுதான், மைனி. எனக்கு முந்தி இட்ட முட்டையெல்லாம் பாம்பு குடிச்சிட்டு. இதாவது நிக்கட்டும்னு அம்மை அப்படி வச்சா."

கிளையில் யாரோ சிரித்தார்கள். வடிவு சிரிக்காமல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் இசக்கிக்கும் நடுவே ஓர் உடம்பு அகலத்துக்கு இடம் உண்டாயிற்று. மண்ணாங்கட்டி அந்த இடத்தைப் பார்த்தான். வடிவைப் பார்த்தான்.

"சொல்லணுமாக்கும்?" என்றார் வரிசையின் நடுவிலிருந்து மூக்கன். "எங்க கூட்டத்துல வா போன்னு சொல்லுத வழக்கம் கிடையாதுடே."

அவன் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தான். அன்றிரவு முழுதும் அவன் உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது வடிவுக்குத் தெரிந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதுதான் பெருந்தன்மை என்று அவளுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

வந்த சில நாட்களிலேயே அவன் முதல்முறையாகக் காவலுக்கு ஏறினான். ஏறிய சற்று நேரத்தில் "வல்லூறு!" என்று அலறினான். மொத்தக் கூட்டமும் காரை முள்ளில் பாய்ந்தது. மூக்கனுக்கு நெற்றி கிழிந்தது, இசக்கிக்கு ஓர் இறகு பிய்ந்துபோனது. எட்டிப் பார்த்தால், பனையிலிருந்து ஒரு காய்ந்த ஓலை ஆடி ஆடி இறங்கிக்கொண்டிருந்தது.

அன்று அந்தியில் கிளையே குலுங்கியது. "நம்ம மாப்பிள்ளைக்கு ஓலைன்னா வல்லூறு. மட்டை விழுந்தா என்ன சொல்லுவானோ" என்றாள் இசக்கி. "யானைம்பான்" என்றது வரிசைக் கோடியிலிருந்து ஒரு குரல். மண்ணாங்கட்டியும் கூடவே சிரித்தான். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, வடிவுக்கு மட்டும் கேட்கும்படி, "அக்கா, இனி உயிரே போனாலும் தப்பா வாயத் தொறக்க மாட்டேன்" என்றான்.

"சரி, விடுல. எல்லாருக்கும் நடக்கதுதான்."

"இல்லக்கா. என்னை நம்பில்லா அம்புட்டுப் பேரும் தலையக் குனிஞ்சி மேயுதாவ."

அதன் பிறகு காவல் என்றால் அவன் என்று ஆயிற்று. மற்றவர்களுக்குத் தோன்றும் முன்பே அவனுக்குத் தோன்றிவிடும். மாற்றிவிட யாராவது ஏறினால்தான் இறங்குவான். தானாக இறங்கி வந்து, "யாராவது போங்க" என்று பார்வையால்கூடக் கேட்டதில்லை. ஆள் மாற்ற வருபவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதித்தே வரத் தொடங்கினார்கள். அதை யாரும் தீர்மானித்துச் செய்யவில்லை. நல்ல பிள்ளை, பார்த்துக்கொள்வான் என்ற நிம்மதியில் அப்படித் தானாக நடந்தது.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. தேரி மணல் வெளுத்துப் பறந்தது. சருகுக்கடியில் புழு பூச்சி அற்றுப்போனது. நாள் முழுதும் கிளறினாலும் ஆளுக்கு ஒரு கறையான்கூடத் தேறாது. அந்தியில் மூக்கன் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். உடம்புகள் மெலிந்துவிட்டதால் வரிசையும் குறுகி, கிளையில் ஒரு முழம் மிச்சமாகக் கிடந்தது.

அப்புறம் ஒரு நாள் மழை வந்தது. அந்திக்கு மேல் தொடங்கி விடியும் மட்டும் கொட்டியது. எல்லோரும் நனைந்து விறைத்துப் போனார்கள். வெளுத்ததும் முதல் ஆளாக மண்ணாங்கட்டி சிறகை உதறிக்கொண்டு உடைமரத்துக்குப் போனான். முந்தின நாள் அவனுக்கு ஒன்றும் கிடைத்திருக்கவில்லை. வடிவு அதைப் பார்த்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் நாம் போய் அவனை இறக்கிவிட வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டாள்.

அப்போதுதான் கறையான் புற்று திறந்தது.

முதலில் ஒன்றிரண்டு. பிறகு புகைபோல. ஈரமண்ணின் எல்லா ஓட்டைகளிலிருந்தும் ஈசல் பொங்கி வந்தது. பல மாதம் வயிறு காய்ந்த கூட்டம் அதன் நடுவே போய் விழுந்தது. அலகைத் திறந்து வைத்தால் போதும், தானாக வந்து விழுகிறது. கொழுத்த, நெய்போன்ற ஈசல். இறகைக் கிள்ளி எறியக்கூடப் பொறுமையில்லாமல் விழுங்கினார்கள். பக்கத்துப் பனையிலிருந்து கரிச்சான் குருவி ஒன்று பாய்ந்து பாய்ந்து காற்றிலேயே ஈசலைக் கவ்விக்கொண்டிருந்தது. அது தனியாக வாழும் பறவை. யாருடைய ஒற்றுமையைப் பற்றியும் அதற்கு உயர்ந்த கருத்து கிடையாது.

வடிவு முதல் பசி அடங்கியதும் மேலே பார்த்தாள். மண்ணாங்கட்டி உட்கார்ந்திருந்தான். அவளுக்குச் சுருக்கென்றது. நல்ல பருமனான ஈசலாக மூன்று நான்கு பொறுக்கி, இறகைக் கிள்ளி, ஒரு காய்ந்த சாணி வரட்டிக்கு அடியில் தள்ளி வைத்தாள். அவன் இறங்கி வந்ததும் தரலாம். இன்னும் இந்த ஒரு வாய் தின்றுவிட்டு மேலே போகலாம் என்று நினைத்தாள். அந்த ஒரு வாய்க்குப் பிறகு இன்னொரு வாய் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கன் மாமா கூட்டத்தை விட்டு விலகி உடைமரத்தை நோக்கித் தத்திப் போவதைப் பார்த்தாள். அவளுக்கு நிம்மதியாகிவிட்டது. பாருங்கள், யாரும் சொல்லவில்லை, அவருக்குத் தோன்றியிருக்கிறது. மறுபடி நிமிர்ந்தபோது உச்சிக்கிளையில் ஓர் உருவம் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் வெயில். கண் கூசியது. மூக்கன் மாமாதான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். தவிட்டுக்குருவிகள் எல்லோரும் ஒரே நிறம், ஒரே உருவம். யார் என்று கேட்டால் தெரிந்திருக்கும். ஆனால் கேட்பது, மாமாவை நம்பாமல் கேட்டதாகிவிடும்.

அப்படியானால் மண்ணாங்கட்டி இறங்கியிருப்பான். புற்றின் அந்தப் பக்கத்தில் தின்றுகொண்டிருப்பான். அவன் வயிறு நிறைந்திருக்கும். வரட்டிக்கு அடியில் எறும்பு ஏறத் தொடங்கியிருந்தது. வீணாகப் போவானேன் என்று வடிவு அந்த ஈசலையும் தின்றாள்.

ஈசல் ஓய்ந்தது. வெயில் ஏறியது. வயிறு கனத்த கூட்டம் புதர் நிழலில் மண்ணைக் கிளறிப் புரண்டது, ஒருவர் கழுத்தை ஒருவர் கோதிவிட்டது. அந்த ஆண்டிலேயே அவ்வளவு இன்பமான பொழுது அவர்களுக்கு வாய்த்ததில்லை. சாய்வெயில் வரை யாரும் தலையைத் தூக்கவில்லை.

திடீரென்று உச்சியிலிருந்து குரல் வந்தது. கரகரத்து, பாதி உடைந்த குரல். ஆனாலும் போதுமானதாக இருந்தது. கூட்டம் முழுதும் முள்ளுக்குள் பாய்ந்தது. தலைக்கு மேலே ஒரு காற்று வீசிப் போனது. ஏதோ ஒரு சின்ன முறிவுச் சத்தம் கேட்டது. முள்ளுக்குள்ளிருந்து வானம் தெரியாது. காவலிருப்பவர் கத்திவிட்டு மரத்தின் மறுபுறமாகக் கடைசியில் பாய்வதுதான் வழக்கம். பாய்ந்திருப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். வெகுநேரம் கழித்து ஒருவர் சிறகை விரிக்க, எல்லோரும் விரித்து, ஒரே வீச்சில் எழுந்து வேப்பமரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தியில் வரிசை ஒட்டி உட்கார்ந்தது. மூக்கனுக்குப் பழைய குரல் திரும்பியிருந்தது.

"பாத்தியளா? வல்லூறுப் பய வந்தான். நம்ம கூட்டத்துல ஒத்தை ஆளத் தொட முடிஞ்சுதா அவனால? ஏன்? யாரும் யாருக்கும் சொல்லல. ஆனா செய்ய வேண்டியத செஞ்சோம். மைனாவும் காக்காயும் நாள் பூரா கத்துதே, இப்படி ஒரு ஒத்துமை அதுகள்ட்ட உண்டா?"

வரிசை முழுதும் நிறைவாக முனகியது. வடிவும் முனகினாள். இன்றைக்கு உனக்காக எடுத்து வைத்த ஈசலை நானே தின்றுவிட்டேன் என்று மண்ணாங்கட்டியிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் திரும்பினாள். அவள் தோளோடு ஒட்டியிருந்தது இசக்கி.

"மண்ணாங்கட்டி எங்க, மைனி?"

"அந்தக் கோடியில இருப்பான்."

வடிவு அந்தக் கோடிக்குக் கேட்டனுப்பினாள். ஒருவர் மாற்றி ஒருவராகக் கேள்வி போனது. பதில் திரும்பி வந்தது. "இங்கன இல்ல. அந்தக் கோடியிலல்லா இருப்பான்?"

இவர்களுடைய கோடியில் கடைசியாக உட்கார்ந்திருந்தது சடச்சி என்ற இளையவள். அவளுக்கு அந்தப் பக்கம் வெறும் கிளைதான் இருந்தது.

நெருங்கி உட்கார்பவர்கள் நடுவில் ஓர் ஆள் குறைந்தால் அந்த இடம் தெரிவதில்லை. இரண்டு பக்கத்து உடம்பும் நகர்ந்து வந்து மூடிவிடும். சூடும் குறையாது.

"மாமா, ஒரு தடவை எல்லாரையும் எண்ணிப் பாப்பமா?" என்றாள் வடிவு.

"எண்ணுததா?" மூக்கன் குரலில் நிஜமான வலி இருந்தது. "ஒருத்தரை ஒருத்தர் நம்பாதவனில்லா எண்ணுவான்? பக்கத்து மரத்துல அசந்திருப்பான். காலையில வருவான். உறங்கு, பிள்ள."

இருட்டிவிட்டது. இருட்டில் தவிட்டுக்குருவிக்குக் கண் தெரியாது. வடிவு கண்ணைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

பறவைகளில் முதலில் விழிப்பது கரிச்சான். கிழக்கு வெளுக்கும் முன்பே பக்கத்துப் பனையிலிருந்து அதன் குரல் கேட்டது. லேசாகக் கண் தெரியத் தொடங்கியதும் வடிவு வரிசையை விட்டுத் தனியாகப் பறந்து அங்கே போனாள். காவலுக்கு அல்லாமல் அந்தக் கூட்டத்தை விட்டுத் தனியாகப் பறந்த முதல் ஆள் அவள்தான்.

"அண்ணாச்சி, எங்க மண்ணாங்கட்டியப் பாத்தியளா?"

கரிச்சான் தன் இரட்டை வாலை ஆட்டிக்கொண்டு அவளை வெகுநேரம் பார்த்தது. "ஏன், உங்க ஆளுவளுக்குத் தெரியாதா? சொல்லாமலே தெரியும்பியள."

"பாத்தியளா, இல்லையா?"

"நேத்து வெளுத்ததுலேந்து பாத்துட்டேதான் இருந்தேன். அதே ஆளு. எறங்கவே இல்ல. உச்சி வெயிலுக்குத் தலை ஒரு பக்கமா சாய ஆரம்பிச்சிட்டு. எனக்கே பாவமாப் போச்சு. ஏல, நாலு ஈசல் பிடிச்சித் தரட்டானு கேட்டேன். வாயத் தொறக்க மாட்டேன்னு தலைய ஆட்டுதான். சரி, எறங்கிப் போய்த் தின்னுட்டு வாயேம்ல, நான் பாத்துக்கிடுதேன்னேன். அதுக்கும் தலைய ஆட்டுதான். கீழ உங்களையே பாத்துட்டிருந்தான். வருவாவன்னு இருந்திருப்பான்."

வடிவு உடைமரத்து உச்சியைத் திரும்பிப் பார்த்தாள்.

"வல்லூறு தேரிக்கு அந்தப் பக்கம் வரும்போதே அவன் பாத்துட்டான்" என்றது கரிச்சான். "கத்திட்டுப் பாய வேண்டியதுதான? பாயத்தான் பாத்தான். காலு கிளைய விடல, விறைச்சிப் போச்சோ என்னமோ. அப்படியே எடுத்துட்டுப் போயிட்டு." பிறகு, அதற்கே கொஞ்சம் சங்கடமாகப் போயிருக்க வேண்டும், "கத்துனது நல்லா கத்துனான்" என்று சேர்த்துக்கொண்டது.

வடிவு திரும்பி வந்து எல்லோரிடமும் சொன்னாள். அதைச் சொல்லி முடித்தபோது பொழுது விடிந்திருந்தது.

சண்டை என்று சொல்பவர்களுக்கு ஒரு சலுகை தர வேண்டியிருக்கிறது. முதல் நாள் நடந்தது சண்டைதான்.

"நீரு போனீருன்னு நினைச்சேன், மாமா. மரத்துப் பக்கம் போனதப் பாத்தேனே!"

"தண்ணி குடிக்கப் போனேன். அடியில குழியில மழைத்தண்ணி கெடந்துது. நீதான் கீழக் கிளைக்குப் பறந்தே. நீ ஏறிட்டியேன்னு நான் இருந்துட்டேன்."

"அலகு துடைக்கப் போனேன். இசக்கி மைனி, நீங்க?"

"எனக்குத் தோணிச்சிட்டி. தோணிச்சி! அப்ப சடச்சி எந்திரிச்சா. ரெண்டு பேரா போவானேன்னு உக்காந்துட்டேன்."

"நான் எந்திரிச்சது ஈசல் பிடிக்க" என்றாள் சடச்சி. சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.

"எல்லாருக்கும் தோணியிருக்கு" என்றார் மூக்கன் மெல்ல. "பாத்தியளா, எல்லாருக்கும்..."

"வாய மூடும், மாமா" என்றாள் இசக்கி.

அவரை அப்படி யாரும் சொன்னதில்லை. அவர் மூடிக்கொண்டார்.

வெயில் வந்தது. துக்கம் எவ்வளவு இருந்தாலும் மேய வேண்டும். கூட்டம் புற்றுப் பக்கம் இறங்கியது. ஆனால் யாரும் தலையைக் குனியவில்லை. ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உச்சிக்கிளை வெறுமையாக இருந்தது. வடிவு பறந்து போய் அதில் உட்கார்ந்தாள். கிளையின் ஓரிடத்தில் பட்டை உரிந்திருந்தது. நாள் முழுதும் ஒருவன் பிடித்திருந்த இடம். அவள் அதன்மேல் கால் வைக்காமல் தள்ளி உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் கீழே எல்லோரும் தெரிந்தார்கள். வரட்டிகூடத் தெரிந்தது.

அவள் எடுத்து வைத்ததை அவன் பார்த்திருப்பான். பிறகு தின்றதையும் பார்த்திருப்பான்.

வடிவு வாயைத் திறந்தாள். வல்லூறு என்று சொல்லவில்லை.

"நான் வடிவு. மேல இருக்கேன்."

கீழே பாதிப் பேர் முள்ளுக்குள் பாய்ந்துவிட்டார்கள். மீதிப் பேர் விழித்தபடி நின்றார்கள்.

"மேல இருக்கேன். வெயிலு அடிக்கி. கீழ யாரு யாரு இருக்கிய?"

"என்னட்டி இது, சந்தை மாதிரி" என்று முணுமுணுத்தார் மூக்கன்.

"கீழ யாரு?"

இசக்கி தொண்டையைச் செருமினாள். "இசக்கி. இங்கனதான் நிக்கேன், புத்துக்குத் தெக்க."

"சடச்சி. மைனி பக்கத்துல."

முள்ளுக்குள் போனவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து பெயர் சொன்னார்கள். பகல் வெளிச்சத்தில் தங்கள் குரலைக் கேட்டுப் பழக்கமில்லாததால் சிலருக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பெயர் பாக்கி நின்றது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"மூக்கன்" என்றார் கடைசியில். நெற்றித் தழும்பு துடித்தது. "தண்ணிக் குழிப் பக்கம் நிக்கேன். வடிவு, அடுத்து நான் மேல வாரேன். கேக்குதா? நான்தான் வாரேன். வேற யாரும் வராண்டாம்."

"கேக்குது, மாமா."

அத்துடன் நின்றிருக்கலாம். ஆனால் நாக்குக்கு அது புதுப் பழக்கம். ஆள் ஆளாகப் பெயர் கேட்டு வந்த வேகத்தில், வடிவின் வாய் அடுத்த பெயரையும் சொல்லிவிட்டது.

"மண்ணாங்கட்டி?"

தேரிக்காடு முழுதும் அமைதியாயிற்று. பனையோலை அசையவில்லை. பதில் வர வேண்டிய இடத்தில் பதில் இல்லை. அந்த இடைவெளி நீண்டுகொண்டே போனது. முதலில் சடச்சியால்தான் பொறுக்க முடியவில்லை. "சடச்சி, இங்கன இருக்கேன், இங்கன இருக்கேன்" என்று மறுபடி தொடங்கினாள். அவள் முடிக்கும் முன்பே இசக்கி பேசினாள். இசக்கி முடிக்கும் முன்பே மற்றவர்கள். ஒருவர் நிறுத்தினால் அந்த அமைதி திரும்பி வந்துவிடும் என்று பயந்து எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் இருக்கேன், நீ எங்க, மேல யாரு, தின்னியா, எறங்கு, நான் வாரேன், நீ எங்க, நான் இருக்கேன். அந்தி வரை அது ஓயவில்லை.

அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் பகல் முழுதும் வாய் மூடாமல் பேசுகின்றன. அன்று முதல்தான் அவை கூட்டமாகக் கிளம்பினாலும் ஒரே வீச்சில் எழுவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, முன்னால் போனது போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பிறகே அடுத்தது பறக்கிறது. அவை எந்தப் புதரில் இருக்கின்றன என்று வல்லூறு தேடி அலைய வேண்டிய வேலை இல்லாமல் போனதும் அன்று முதல்தான்.